வெள்ளிக்கு வெள்ளி அஞ்சு வெள்ளி: பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை

“வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்கு அஞ்சு வெள்ளி எடுத்து வச்சிடணும்” என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசாரில் ஓர் அம்மா சொன்னால் பக்கத்தில் நிற்பவர் யாரும் திகைப்பதில்லை. முதல் இரண்டும் கிழமை, கடைசி ரிங்கிட். கழுத்தில் கிடப்பது வெள்ளி என்றால் உலோகம். இருட்டோடு ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர் கிழக்கே பார்ப்பது விடிவெள்ளி. ஒரே சொல்லுக்கு நான்கு பொருள் இருந்தும் நாக்கும் காதும் தடுமாறுவதில்லை.

அதே வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் ‘ரிவர் பேங்க்’ என்பதைக் கண்டதும் ‘ஆற்று வங்கி’ என்று எழுதி வைக்கிறது. பிள்ளைக்கு மூளை குறைவு என்பதல்ல காரணம். தமிழ்ச் சொற்களை அது வாக்கியத்தோடு கேட்டு வளர்ந்தது. ஆங்கிலச் சொற்களையோ இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் அல்லது மலாய் என்று ஜோடி போட்டு மனப்பாடம் செய்தது. ஜோடியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளுக்குத்தான் இடம்.

பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படிப் பிரித்தறிவது என்பதைத் தொல்காப்பியம் மூன்றே குறிப்பில் சொல்லிவிட்டது: வினை, இனம், சார்பு. ‘மா’ என்பது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். ‘மா பூத்தது’ என்றால் வினையே மரம் என்று காட்டிவிடும். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் கூட நிற்கும் மருது, தன் இனமான மரத்தைக் காட்டும். போர்க்கவசம் பூண்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் நிற்கும் நிலை குதிரையைக் காட்டும். உரைகாரர்கள் தந்த இந்த எடுத்துக்காட்டுகளை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பினால் போதும். கீழே உள்ள படிகளில் முதல் மூன்றும் அந்த மூன்று சாவிகள்தாம்.

தேவையானவை: எண்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் மாணவர் அகராதி ஒன்று. கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பதே போதும். நாளுக்கு இருபது நிமிடம், ஒரு நாளுக்கு ஒரே சொல்.

தொடங்கும் முன்: எந்தச் சொற்களை எடுப்பது

கடினமான சொற்களைத் தேடிப் போகாதீர்கள். பொருள் தெரியாத சொல் ஏமாற்றாது. தெரியாது என்று தெரிவதால் அகராதியைப் பார்த்துவிடுவீர்கள். நம் பேச்சுக்குள் வந்து குடியேறிய சொல்தான் மோசமாக ஏமாற்றும். லீவு, பில், செக், சார்ஜ், ஃபைன், பாஸ், டேப், லைன் போன்றவை தமிழுக்குள் நுழையும்போது தம் பொருள்களில் ஒன்றிரண்டை மட்டும் கொண்டுவந்தன, மற்றவற்றை ஆங்கிலத்திலேயே விட்டுவந்தன. ஆங்கிலத் தாளில் அவற்றைப் பார்க்கும்போது ‘இது தெரிந்த சொல்தானே’ என்று கண் தாண்டிப் போய்விடும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு அந்தப் பெயரே ‘லைன்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் அதே சொல் கோடு, வரிசை, தொலைபேசி இணைப்பு, கவிதை வரி, தூண்டில் கயிறு எல்லாமும் ஆகும்.

வீட்டில் ஒரு நாள் முழுதும் காதில் விழும் ஆங்கிலச் சொற்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மாலைக்குள் இருபது எளிதாகச் சேரும். முதல் மாதத்துக்கு அதுதான் பாடப்பட்டியல்.

படி 1: பெயரா, வினையா

சொல்லுக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். அ, ஆன், த, மை, ஹிஸ், திஸ் போன்றவை நின்றால் பெயர்ச்சொல். ஐ, வீ, தே, வில், கேன், மஸ்ட் நின்றால் வினை. ‘த புக்’ என்றால் புத்தகம். ‘ஐ வில் புக் த பஸ் டிக்கெட்’ என்றால் முன்பதிவு. சொல்லுக்கு முன் ‘த’வும் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல்லும் இருந்தால் நடுவில் நிற்பது அடைமொழி. ‘த ஃபைன் சாண்ட்’ என்பது நுண்மணல், அபராதம் கட்டிய மணல் அல்ல.

இதில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ‘டு’. ‘டு’ வந்தால் வினை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ‘டு லீவ்’ வினைதான். ஆனால் ‘டு த பேங்க்’ என்பதில் அது வெறும் வேற்றுமை உருபு போன்றது. ‘டு’வுக்கு அடுத்து ‘த’ வந்தால் பெயர், நேராகச் சொல் வந்தால் பெரும்பாலும் வினை என்று பழகுங்கள்.

லீவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஆம் ஆன் லீவ்’ விடுமுறை. ‘ஐ லீவ் அட் சிக்ஸ்’ ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். ‘லீவ் இட்’ விட்டுவிடு. ‘ட்ரை லீவ்ஸ்’ காய்ந்த இலைகள், இதன் ஒருமை லீஃப். விடுமுறைக்கும் அதற்கும் உறவே இல்லை.

சில சொற்களில் உச்சரிப்பே பொருளைப் பிரிக்கும். பெர்மிட், ரெக்கார்ட், ஆப்ஜெக்ட் ஆகியவற்றில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாம் அசையை அழுத்தினால் வினை. ‘லீட்’ என்றால் வழிநடத்து, அதே எழுத்துகளை ‘லெட்’ என்று வாசித்தால் ஈயம். கண்ணீராகிய ‘டியர்’, கிழிப்பதாகிய ‘டேர்’ இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ‘குளோஸ்’ மட்டும் தமிழ் எழுத்தில் பிடிபடாது: மூடு என்னும் பொருளில் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிரும், அருகில் என்னும் பொருளில் பாம்பின் சீறல் போல இருக்கும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு வேறுபடும்.

படி 2: கூட நிற்கும் இனம்

பெயரா வினையா என்று தெரிந்தும் பொருள் பிடிபடவில்லை என்றால் இருபுறமும் மூன்று மூன்று சொற்களைப் பாருங்கள். ‘சார்ஜ்’ இதற்கு நல்ல களம்.

பக்கத்தில் ஃபோன், பேட்டரி நின்றால் மின்னேற்றம். ரிங்கிட், சென், சர்வீஸ் நின்றால் கட்டணம். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பொறுப்பு. முன்னால் எலிஃபன்ட் அல்லது காளையைக் குறிக்கும் ‘புல்’ நின்றால் பாய்ந்து வருதல், ஓடத் தயாராக வேண்டும். காட்டோரத் தோட்டங்களில் இந்தக் கடைசிப் பொருளும் தேவைப்படும்.

இவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. ‘சார்ஜ்ட் ஃபார்’ என்றால் எதற்காகவோ பணம் வாங்கியிருக்கிறார்கள். ‘சார்ஜ்ட் வித்’ என்றால் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். ‘ஹீ வாஸ் சார்ஜ்ட் ஃபார் பார்க்கிங்’ என்பவர் சில்லறை கொடுத்துவிட்டுப் போகலாம். ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’ என்பவருக்கு வழக்கறிஞர் வேண்டும். வேறுபாடு முழுவதையும் தாங்கி நிற்பது நான்கெழுத்தைத் தாண்டாத ஒரு சொல்.

‘ரன்’ இன்னும் பரந்தது. கடை ரன் ஆனால் நடத்துவது, மூக்கு ரன் ஆனால் ஒழுகுவது, தேர்தலுக்கு ரன் ஆனால் போட்டியிடுவது. துவைக்கும் குறிப்பில் ‘த கலர் மே ரன்’ என்றிருந்தால் சாயம் போகும். புதுச் சேலையைப் பள்ளிச் சட்டையோடு ஊறப்போடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் காட்டியிருந்தார்கள். ஆங்கிலேயர் எவரும் அதைப் பட்டியலாகப் படித்ததில்லை. அவர்களும் பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பிழைக்கிறார்கள்.

படி 3: சொல் நிற்கும் இடம்

இந்தப் படியில்தான் காசும் உடம்பும் சம்பந்தப்பட்ட தவறுகள் நடக்கின்றன, ஆகவே நிதானமாகப் படியுங்கள். ஒரு தாளைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது: இது எந்த இடத்துத் தாள்? கிளினிக்கா, தோட்ட ஆபீஸா, நில அலுவலகமா?

கிளினிக். ‘ஸ்டூல் சாம்பிள்’ கேட்டால் முக்காலி கேட்கவில்லை, மலம் கேட்கிறார்கள். ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வந்தால் நல்ல செய்தி என்று எண்ணக் கூடாது. தேடிய கிருமியோ நோயோ இருக்கிறது என்று பொருள். ‘கம்ப்ளெயின்ட்’ என்ற கட்டத்தில் யார்மீதும் புகார் எழுத வேண்டாம், உடம்புக்கு என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். பெண்களிடம் ‘லாஸ்ட் பீரியட்’ கேட்டால் பள்ளியின் கடைசிப் பாடவேளையைப் பற்றிய கேள்வி அல்ல, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஃபிட்’. ‘ஃபிட் ஃபார் வொர்க்’ என்றால் வேலைக்குத் தகுந்த உடல்நலம். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் மருத்துவப் படிவத்தில் ‘ஹிஸ்டரி ஆஃப் ஃபிட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே அது வலிப்பு. ‘நான் ஃபிட்டாகத்தானே இருக்கிறேன்’ என்று ‘யெஸ்’ கட்டத்தில் குறி போட்டால் இல்லாத வலிப்பு நோய் ஏட்டில் ஏறிவிடும். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஸ்’தான் எச்சரிக்கை. படிவம் என்றதும் இன்னொன்று: ‘ஃபார்ம்’ என்ற சொல் நிரப்பும் தாளும் ஆகும், இடைநிலைப்பள்ளி வகுப்பும் ஆகும். நாமும் இரண்டையும் படிவம் என்றே சொல்லிவிட்டதால் இந்த ஒன்றில் சிக்கல் எழுவதில்லை.

தோட்டம். ‘டேப்’ ஊர் உலகத்துக்குத் தண்ணீர்க் குழாய், தோட்டத்தில் பால்மரம் சீவுவது, ரயில் நிலையத்தில் கார்டைத் தட்டுவது. ‘பாம்’ என்றால் உள்ளங்கை, செம்பனையும் பாம்தான். ‘டாஸ்க்’ என்பது பொதுவாக ஒரு வேலை. பால்வெட்டில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய மரங்களின் பங்கு. ‘ஸ்டாண்ட்’ நிற்பது அல்லது தாங்கி. நடவுக் கணக்கில் ஒரு ஹெக்டரில் நிற்கும் மரங்களின் எண்ணிக்கை. ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் செம்பனை நட்டால் ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம் வரும், அந்த 143தான் ஸ்டாண்ட். ‘டிரசர்’ என்றால் பழைய தோட்ட மருத்துவமனையில் மருந்து கட்டி ஊசி போட்டவர். மரச்சாமான் கடையில் டிரசர் கேட்டால் அலமாரியைக் காட்டுவார்கள்.

நில அலுவலகம், வங்கி. இங்கே ‘எஸ்டேட்’ என்ற சொல்லே நம்மைக் கவிழ்க்கும். நமக்கு எஸ்டேட் என்றால் தோட்டம். வேறு பொருள் மனத்தில் எழுவதே இல்லை. சட்டத்தில் அது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து. 1955ஆம் ஆண்டின் ஸ்மால் எஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் சட்டத்துக்கும் சிறு தோட்டங்களுக்கும் தொடர்பில்லை. அப்பா பெயரில் உள்ள வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகளுக்குப் பிரிப்பது பற்றியது அது. மலாயில் ‘பூசாக்கா’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது, ஆங்கிலத்தில் சொன்னால்தான் ‘எங்களுக்கு எஸ்டேட் எல்லாம் இல்லீங்க’ என்ற பதில் வருகிறது.

படி 2இல் பார்த்த ‘சார்ஜ்’ இங்கே ஆறாவது வேடம் போடும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி வீட்டுக் கடனுக்காக நிலத்தை வங்கிக்கு ஈடாகப் பதிவு செய்வதுதான் சார்ஜ். அதற்குரிய படிவம் 16ஏ. கடனை அடைத்து முடித்ததும் அந்தப் பதிவை நீக்குவது ‘டிஸ்சார்ஜ்’, படிவம் 16என். டிஸ்சார்ஜ் என்றாலே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது என்று நினைத்து, கடன் முடிந்தபின் இந்தப் பதிவை நீக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கடன் தீர்ந்தது வேறு, கிராண்ட் எனும் நிலப் பத்திரத்தில் வங்கியின் பெயர் நீங்குவது வேறு. புண்ணைப் பற்றிய மருத்துவக் குறிப்பில் ‘டிஸ்சார்ஜ்’ என்றால் சீழ் வடிவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பின்னால் ஒட்டும் சிறு சொல்

வினைக்குப் பின் வரும் அப், டவுன், ஆஃப், ஆஃப்டர் போன்றவற்றை வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள். ‘லுக்’ பார், ‘லுக் ஆஃப்டர்’ பேணு. ‘டர்ன் டவுன்’ ஒலியைக் குறை, அல்லது கேட்டதை மறு. ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடு. இரண்டு பாகத்தையும் தனித்தனியே மொழிபெயர்த்துக் கூட்டினால் பொருள் வராது. நம் ‘போட்டுக்கொடு’ என்பதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, அது போல.

படி 5: நம் ஊர் ஆங்கிலத்தைத் தனியே பிரிப்பது

மலேசியாவில் பேசும் ஆங்கிலத்தில் சில சொற்கள் மலாய்ச் சொல்லின் அளவுக்கு அகன்றுவிட்டன. இது தவறு என்று யாரையும் கிண்டல் செய்ய வேண்டியதில்லை, கோப்பிக் கடையில் அது சரியான மொழி. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் 1119 ஆங்கிலத் தாளிலும் வெளிநாட்டு வேலைக்கான மடலிலும் மட்டும் பிரித்துவைக்க வேண்டும்.

‘ஃபாலோ’ என்றால் பின்தொடர்வது. மலாயின் ‘இக்குட்’ பின்தொடர்வது, கூடப் போவது என்ற இரண்டு பொருளையும் சுமப்பதால் ‘ஐ ஃபாலோ மை அங்கிள்ஸ் கார்’ என்று சொல்லி மாமா காரில் ஏறிப் போவதைக் குறிக்கிறோம். வெளியூர் ஆள் நீங்கள் வேறொரு வண்டியில் பின்னால் போனதாக எண்ணுவார். ‘சென்ட்’ என்பதை ‘ஹந்தார்’ போலப் பயன்படுத்தி ‘ஐ சென்ட் மை மதர் டு த ஹாஸ்பிட்டல்’ என்கிறோம். அம்மாவோடு நீங்களும் போனீர்கள் என்பது அதில் தெரியாது. அங்கே ‘டுக்’ வேண்டும். ‘கீப்’ என்பதற்கு நாம் கொள்வது ‘சிம்பான்’, அதாவது எடுத்து உள்ளே வை. பொது ஆங்கிலத்தில் அது உன்னிடமே வைத்துக்கொள். கடன் கொடுத்த புத்தகத்தைப் பற்றி ‘கீப் இட்’ என்று சொல்லிவிட்டால் புத்தகம் திரும்பாது. ‘லாஸ்ட் டைம்’ நமக்கு முன்னொரு காலம், மற்றவர்களுக்குக் கடந்த முறை.

‘சாப்’ மட்டும் வேறு வகை. வெட்டுவது, எலும்போடு கூடிய இறைச்சித் துண்டு, இவை எல்லா ஊரிலும் உண்டு. ரப்பர் முத்திரை என்ற மூன்றாம் பொருள் இந்தியின் ‘சாப்’ வழியே ஆசிய வணிக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கம்பெனி சாப்’ இங்கே எந்த அலுவலகத்திலும் செல்லும். லண்டனுக்கு எழுதும் மடலில் ‘ஸ்டாம்ப்’ என்று போடுங்கள்.

படி 6: வேர் ஒன்றா, இரண்டா

சில அகராதிகளில் சொல்லின் தலையில் சிறிய 1, 2 என்று எண் இருந்தால், எழுத்து ஒன்றானாலும் ஆங்கிலத்துக்கு வந்த வழி வேறு என்று பொருள். பேங்க் அப்படி: ஆற்றங்கரைச் சொல் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்தது, காசு மாற்றுவோர் அமர்ந்த பலகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வங்கி வந்தது. இவற்றை முடிச்சுப் போட முயலாதீர்கள், இரண்டு பக்கமாக எழுதுங்கள்.

வேர் ஒன்றாக இருந்தால் அடிப்படைப் படம் ஒன்று கிடைக்கும், மனப்பாடம் பாதியாகக் குறையும். ‘சார்ஜ்’ என்பதன் அடியில் இருப்பது வண்டியில் பாரம் ஏற்றுதல். கணக்கில் ஏற்றினால் கட்டணம், பேட்டரியில் ஏற்றினால் மின்சாரம், ஆள்மீது ஏற்றினால் குற்றச்சாட்டு அல்லது பொறுப்பு, நிலத்தின்மீது ஏற்றினால் ஈடு. இறக்கினால் டிஸ்சார்ஜ். ‘பேனல்’ என்பதன் அடியில் இருப்பது துண்டுத் துணி. மரப்பட்டையில் சீவும் துண்டுப் பகுதி பேனல். கூரைமேல் பதிக்கும் சோலார் துண்டும் பேனல். ஒரு காலத்தில் ஜூரர்களின் பெயர்களைத் துண்டுத் தோலில் எழுதினார்கள், பிறகு அந்தப் பட்டியலில் உள்ளவர்களே பேனல் ஆனார்கள். கம்பெனி பட்டியலில் உள்ள கிளினிக் பேனல் கிளினிக் ஆனது இப்படித்தான். ‘கண்டக்டர்’ நடத்திச் செல்பவர்: பஸ்ஸில், இசைக்குழுவில், தோட்டத்து ஃபீல்டில். மின்சாரத்தை நடத்திச் செல்லும் செம்புக் கம்பியும் அதே கண்டக்டர்.

அகராதியில் விளக்கத்துக்கு முன் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். மாணவர் அகராதிகள் பெரும்பாலும் அதிகம் வழங்கும் பொருளை முதலில் வைக்கின்றன, எனவே முதல் மூன்று போதும். கைப்பேசி மொழிபெயர்ப்பில் தனிச் சொல்லைத் தட்டாதீர்கள். முழு வாக்கியத்தையும் தட்டுங்கள். இனமும் சார்பும் இல்லாமல் கருவியும் குருடுதான்.

படி 7: நோட்டு

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், அதன் கீழ் அடிப்படைப் படம் ஒரு வரி. பிறகு மூன்று பொருள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊர் வாக்கியம் ஒன்று. வாக்கியத்தில் பொருளைக் காட்டிக்கொடுத்த பக்கத்துச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் முக்கியம், பலரும் சோம்பலில் விட்டுவிடுவதும் இதைத்தான். பக்கத்தின் கீழ்ப் பாதியைக் காலியாக விடுங்கள், நான்காம் பொருள் எங்காவது எதிர்ப்படும்போது அங்கே சேரும். எழுதிய பக்கத்தை 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் புரட்டுங்கள். பொருளை மூடிவிட்டு வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். தடுமாறினால் வாக்கியம் சரியில்லை, வேறு எழுதுங்கள்.

பழகிப் பார்க்க

1. த டாக்டர் வில் சீ ஹிஸ் பேஷன்ட் நவ்.
2. பீ பேஷன்ட் வித் யுவர் மதர்.
3. த பில் வாஸ் பாஸ்ட் இன் பார்லிமென்ட்.
4. த ஹார்ன்பில் ஹாஸ் எ பிக் பில்.
5. பிளீஸ் செக் த செக் பிஃபோர் யூ சைன்.
6. தே டிஸ்சார்ஜ்ட் த சார்ஜ் ஆன் அவர் ஹவுஸ்.

விடை: முதலாவதில் ‘ஹிஸ்’ முன்னால் நிற்பதால் நோயாளி. இரண்டாவதில் ‘பீ’ நிற்பதால் பொறுமை. மூன்றாவது சட்ட முன்வரைவு, காட்டிக்கொடுப்பது பார்லிமென்ட். நான்காவது இருவாட்சிப் பறவையின் அலகு. ஐந்தாவதில் ‘பிளீஸ்’ஸுக்கு அடுத்து வருவது வினை, சரிபார், ‘த’வுக்கு அடுத்தது பெயர், கியூ எழுத்துள்ள காசோலை. ஆறாவதில் கடைசிச் சொல் ஹவுஸ், ஆகவே கட்டணமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை: வீட்டின்மேல் இருந்த ஈட்டுப் பதிவை நீக்கிவிட்டார்கள்.